நாற்பது சீட்டும் சர்ர் அக்காவும்

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் போய்ப் பார்த்தால் இன்றைக்கும் இருக்கும். வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் குழந்தைப் பல் பிரிவில் கால் வைக்கும் எந்தப் பிள்ளைக்கும் அவள் சர்ர் அக்கா. பிள்ளைகளின் வாயில் ஊறும் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சி எடுக்கும் குழாயை இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். அந்தக் குழாய் போடும் சத்தம் 'சர்ர்'. எந்தப் பிள்ளை முதலில் அப்படிக் கூப்பிட்டதோ, டாக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள், வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார், கடைசியில் கட்டின புருஷனும் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும் 'அக்கா'வை வெட்டிவிட்டு 'சர்ரு' என்பார்.

ஆள் குட்டை. சாய்நாற்காலியில் படுத்திருக்கும் பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் நிற்க அவளுக்கு ஒரு மரப்பலகை வேண்டும். அதை யாராவது நகர்த்திவிட்டால் போதும், அன்றைக்கு அந்தப் பிரிவே இரண்டுபடும். மற்றபடி தங்கமான மனுஷி. ஆனால், "எங்க பையன் வாயில விரல் வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவன்" என்று பெருமையடிக்கும் அம்மாக்களை மட்டும் அவள் நம்பமாட்டாள்.

"அப்படியாம்மா? இதைப் பாருங்க" என்று கையை நீட்டுவாள். ஆட்காட்டி விரலில் மட்டும் நாலு தழும்பு. "இதெல்லாம் கடிக்கத் தெரியாத பிள்ளைங்க போட்டதுதான்."

எப்படியும் விழப்போகிற பால் பல்லுக்குப் போய் வேர் சிகிச்சையா என்று தினமும் ஒருவராவது கேட்பார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் இவள் பதில் சொல்லிவிடுவாள். "விழட்டும், வேண்டாங்கல. விழ வேண்டிய நாள்ல விழணும். பின்னாடி வர்ற பல்லுக்கு இது துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கு. நாம அவசரப்பட்டுத் துண்டை எடுத்துட்டா, பக்கத்துல இருக்கறவன் நகர்ந்து உக்காந்துக்குவான். அப்புறம் வர்றவன் எங்க உக்காருவான், தலை மேலயா?" கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

பால் பல்லின் வேரில் இருக்கிற ஓட்டை நூல் மாதிரி மெலிசு. சொத்தை முற்றிப்போனால் அதற்குள் செத்த சதையும் கிருமியும் அடைந்துகிடக்கும். சுரண்டி எடுத்து, மருந்துத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, அதற்குப் பிறகுதான் அடைக்க வேண்டும். அங்கே அலசுவதற்கு என்றைக்கும் ஒரே தண்ணீர்தான்: துணிக் கறைக்கு ஊற்றுகிறோமே, அந்த ப்ளீச்சை நீர்க்க வைத்த மருந்து. கிருமியைக் கொல்வதில் அது சூரப்புலி, குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டால் பிள்ளையின் முகம் கோணிவிடும்; கூடுதலாகச் சிந்தினால் புண்ணாக்கிவிடும். அதனால் அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு, மற்ற வாயை ஒரு ரப்பர் ஷீட்டால் மூடிக்கட்டுவார்கள். பிள்ளைகளிடம் அதற்குப் பெயர் பல்லுக்கு மழைக்கோட்டு. கோட்டைத் தாண்டி எது கசிந்தாலும் உறிஞ்சி எடுக்கத்தான் சர்ர் அக்கா.

அந்தத் தண்ணீர் மேல் அவளுக்கு ஒரு பழைய கோபம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அவளுடைய ஐந்து வயது மகளுக்கே கடைவாய்ப் பல்லில் இந்த வைத்தியம் நடந்தது. குழாயைப் பிடித்தவள் இவளேதான். பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்த கண் கலங்கியது, கை ஒரு நொடி நழுவியது. மழைக்கோட்டுக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் நாக்கில் இறங்கிவிட்டது. நாக்கின் ஓரம் வெள்ளையாக வெந்துபோய், பிள்ளை கண்ணாடியைக்கூடப் பார்க்கப் பயந்து, "என் நாக்கு இருக்காம்மா?" என்று கேட்டது. புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்தப் பல் டாக்டருக்கும் வாயைத் திறக்கவில்லை. பல்லெல்லாம் முன்னும் பின்னுமாக முளைத்து, இப்போது இருபத்தேழு வயதில், செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவள் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். அன்றைக்கு இருந்த டாக்டர் கவனமில்லாதவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். நழுவியது தன் கை என்று இவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில்தான் சின்ன டாக்டர் வந்து சேர்ந்தாள். மேல்படிப்புக்காக மூன்று வருஷம் இங்கே வந்து தங்கியிருக்கும் பெண். நாலு வயது மகளைத் தூரத்து ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் போனைப் பிடித்து மகளோடு பேசுவாள். அந்தக் குட்டிக்கு சர்ர் அக்காவையும் தெரியும். போனுக்குள்ளிருந்து "சர்ர்ர்" என்று கத்தும். இவளும் திரும்பக் கத்துவாள். பக்கத்து அறைக்காரர்கள் குழாய் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சின்ன டாக்டர் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கொய்யா இலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு கொய்யா மரம் நின்றது. அதன் இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, லேபில் சாறு இறக்கி, ப்ளீச்சுக்குப் பதிலாக அதை வைத்துப் பால் பல்லின் வேரை அலசினால் கிருமி போகுமா? அதுதான் கேள்வி. இதைக் கேட்ட அன்றே சர்ர் அக்கா அந்தப் பெண்ணின் கட்சிக்காரியாகிவிட்டாள். இலை பறிக்க ஏணியில் ஏறியதும் அவள்தான், எறும்புக்கடி வாங்கியதும் அவள்தான். சாறு வந்ததும் முதலில் மோந்து பார்த்து, "ஆறிப்போன டீ மாதிரில்ல இருக்கு! இதைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படும்?" என்றாள்.

நாற்பது பிள்ளைகள். இருபது பேருக்கு இலைச்சாறு, இருபது பேருக்கு ப்ளீச். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. பிடித்த மருந்துக்குச் சுலபமான பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் அல்லவா? அதனால் ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் நாற்பது சீட்டை மடித்துப் போட்டார்கள். இருபதில் 'இலை', இருபதில் 'வெள்ளை'. பிள்ளை வந்து உட்கார்ந்ததும் பக்கத்து அறையில் டப்பாவைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு சீட்டை எடுத்து, அதில் இருக்கிற மருந்தை சிரிஞ்சில் நிரப்பிக் கொண்டுவர வேண்டும். வேரை அலசுவதற்கு முன்னும் பின்னும் மெலிசான காகிதக் குச்சியை வேருக்குள் விட்டு எடுத்து, லேபுக்கு அனுப்புவார்கள். எத்தனை கிருமி இருந்தது, எத்தனை மிச்சம் என்று அங்கே எண்ணிச் சொல்வார்கள்.

"டப்பா யார்கிட்ட இருக்கணும்?" என்று பிரிவுத் தலைவி பெரிய மேடம் கேட்டார்.

"சர்ர் அக்காகிட்ட" என்றாள் சின்ன டாக்டர், யோசிக்கவே இல்லை. "அவங்களைவிட நேர்மையான ஆளு இங்க யாரு மேடம்?"

சர்ர் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகாத குறைதான்.

முதல் ஐந்து பிள்ளைகளுக்கு அவள் விதிப்படிதான் எடுத்தாள். ஆறாவதாக வந்தது ஒரு பெண் குழந்தை. கையிலிருந்த குடையை விடவே மாட்டேன் என்று குடையோடு நாற்காலியில் ஏறியது. அழுத அழுகையில் மூச்சே நின்றுவிடும்போல இருந்தது. சர்ர் அக்கா பக்கத்து அறைக்குப் போய்ச் சீட்டை எடுத்தாள். வெள்ளை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் குடைப் பாப்பா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டது. 'இந்தப் பிள்ளைக்கா அந்த நாத்தம் பிடிச்ச தண்ணி? ரெண்டு பேர் தள்ளி ஒரு தைரியமான பிள்ளை வராமலா போகும், அதுக்குக் குடுத்தா ஆச்சு.' சீட்டை மடித்துத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்கி இன்னொன்றை எடுத்தாள். இலை. அப்பாடா என்றிருந்தது.

இதில் அவளுக்குத் தப்பே தெரியவில்லை என்பதுதான் விஷயம். வெளியே கூட்டம் நெரியும்போது அழுகிற பிள்ளையை முன்னால் விட்டு, வரிசையை முன்னே பின்னே மாற்றுகிற வேலையை அவள் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறாள். அதற்காக ஒரு ஆண்டுவிழாவில் பாராட்டி மேடையில் கடிகாரம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தத்தில் இலை இருபது, வெள்ளை இருபது, கணக்கு உதைக்காது. அப்புறம் என்ன? யார் குடி முழுகிவிடப் போகிறது?

அதற்குப் பிறகு அழுகிற பிள்ளை, உதைக்கிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, வாயைத் திறக்கவே அரைமணி நேரம் ஆகிற பிள்ளை, எது வந்தாலும் இலைச் சீட்டு வரும்வரை டப்பா குலுங்கியது. சமர்த்தாகப் படுத்துக்கொண்டு கால் ஆட்டுகிற பிள்ளைகளுக்கு வெள்ளை போனது.

"நம்ம அதிர்ஷ்டத்தைப் பாருங்கக்கா, அழுமூஞ்சியெல்லாம் இலைக்கே வந்து சேருது" என்று சின்ன டாக்டர் ஒருநாள் கன்னத்தில் பிள்ளையின் நகம் பட்ட கோட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"சாமி பார்த்துக் குடுக்குது" என்றாள் சர்ர் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினோரு மாதத்தில் நாற்பது பிள்ளைகளும் முடிந்தார்கள். லேபிலிருந்து முடிவு வந்த அன்று காலையில் சின்ன டாக்டர் சாப்பிடவில்லை. காகிதத்தை விரித்துப் பார்த்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைத் தண்ணீர் விட்ட பற்களில் கிருமி ஏறக்குறைய துடைத்துவிட்டாற்போலப் போயிருந்தது. இலைச்சாறு விட்ட பற்களில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சிலதில் அலசுவதற்கு முன்னால் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

பெரிய மேடம் வந்து பார்த்தார். "இதுல அழ என்ன இருக்கு? வேலை செய்யலைன்னா செய்யலைன்னு எழுது. அதுவும் ஒரு பதில்தான். பட்டம் எங்கயும் போகாது."

அவர் போனதும் சின்ன டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மிச்ச சாறைக் கொட்டிடுங்கக்கா" என்றாள். "ரெண்டு வருஷம் இலை இலைன்னு அலைஞ்சேன். போகட்டும். திங்கக்கிழமை எழுதிக் குடுத்துட்டா அடுத்த வாரமே ஊருக்கு. பாப்பாகிட்ட சொல்லிட்டேன், நாள் எண்ணிக்கிட்டிருக்கா."

சர்ர் அக்கா அவள் தோளுக்குமேல் எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். இலைப் பக்கத்தில் மோசமான எண்கள் எல்லாம் சிவப்பில் வட்டம் போட்டிருந்தன. ஆறு, ஒன்பது, பதினாலு, பதினேழு, இருபத்திரண்டு. பிள்ளைகளின் வரிசை எண்கள். அவளுக்கு எண்கள் வேண்டாம், முகங்களே தெரியும். ஆறு குடைப் பாப்பா. ஒன்பது, அப்பாவின் சட்டைப் பையைக் கிழித்தவன். பதினாலு, நாற்காலியைவிட்டு இரண்டு தடவை இறங்கி ஓடியது. பதினேழு, இவள் விரலில் நாலாவது தழும்பைப் போட்டவன். வட்டம் போட்ட ஒவ்வொன்றும் அழுத பிள்ளை.

அழுகிற பிள்ளையின் வாய் எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்? எச்சில் ஊற்றாகப் பொங்கும். தலையை ஆட்ட ஆட்ட மழைக்கோட்டு விலகும். விலகின இடத்தில் எச்சில் வேருக்குள் இறங்கும். எச்சில் முழுக்கக் கிருமிதானே! அலசினதற்குப் பிறகு விட்ட காகிதக் குச்சி எதைக் குடித்திருக்கும்? சமர்த்துப் பிள்ளைகளின் உலர்ந்த பல்லெல்லாம் வெள்ளைக்குப் போய்விட்டது. இலை தோற்றதா, ஜெயித்ததா என்றே யாருக்கும் தெரியாது. அவள்தான் அதன் காலைக் கட்டிப்போட்டு ஓடவிட்டிருக்கிறாள்.

சாறு பாட்டிலைத் தொட்டித் தண்ணீருக்கு மேலே சாய்த்தவள், கொட்டாமல் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அதுதான் கொடுமை. சின்ன டாக்டருக்குப் பட்டம் கிடைக்கும், குட்டிக்கு அம்மா கிடைப்பாள், இவளுக்குக் கடிகாரம் கொடுத்த நல்ல பெயர் மிஞ்சும். கொய்யா இலை பிரயோஜனம் இல்லை என்று ஒரு புத்தகத்தில் ஏறும், அவ்வளவுதான். மரம் வந்து கேட்கவா போகிறது? சொன்னாலோ, முதலிலிருந்து நாற்பது பிள்ளைகள். இன்னொரு வருஷம். போனில் "சர்ர்ர்" என்று கத்துகிற அந்தக் குட்டியின் முகத்தில் எப்படி முழிப்பது?

சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பார்த்த உடனே, "என்ன சர்ரு, நடுவுல நின்னுட்ட? கரண்ட் போயிடுச்சா?" என்றார். மகளும் சிரித்தாள், வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு.

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டப்பா, சீட்டு, குடைப் பாப்பா, சிவப்பு வட்டம்.

புருஷன் தட்டைத் தள்ளிவைத்தார். "ரெண்டு லிஃப்ட் இருக்குன்னு வெச்சுக்கோ. ஒண்ணுல ஒல்லி ஆளுங்களா ஏத்துற, இன்னொண்ணுல குண்டு ஆளுங்களா அமுக்கி ஏத்துற. அப்புறம் ரெண்டாவது லிஃப்ட் மெதுவாப் போகுது, கழட்டிப் போடுன்னா? அடப்பாவமே, அது என்னடி பண்ணும்?"

"எனக்குத் தெரியாமலா சொல்றீங்க?"

"தெரிஞ்சா சொல்லிட வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணு ஒரு வருஷம் பிள்ளையை விட்டுட்டு இருக்கணுமே! நான் பாவம் பார்த்தது அவ தலையில போய் விடியுதே! அழுற பிள்ளையைப் பார்த்தா எனக்கு..." அவள் மகளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் நின்ற வார்த்தை அன்றைக்கு என்னவோ தானாக வெளியே வந்துவிட்டது. "அன்னைக்கு டாக்டர் ஒண்ணும் பண்ணலடி. நான்தான். என் கைதான் நழுவுச்சு."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கை தானாக வாய்க்குப் போய், பாதியிலேயே நின்றது.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"பயம். நீ என்னை அம்மான்னு கூப்பிடாம போயிடுவியோன்னு."

மகள் குழாயடியில் தட்டைக் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "நான் டாக்டருங்களைப் பார்த்துப் பயந்தேன்மா. யாரோ முன்பின் தெரியாதவங்க வேணும்னே ஊத்திட்டாங்கன்னு நினைச்சேன். அம்மா கை நழுவுச்சுன்னு தெரிஞ்சிருந்தா, கை நழுவும், அவ்வளவுதானேன்னு போயிருப்பேன்." பிறகு தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கே போய் அவங்ககிட்ட சொல்லிடு. இருபது வருஷம் கழிச்சுச் சொல்லாத."

மறுநாள் காலையில் சின்ன டாக்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சர்ர் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த முன்னுரை ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் சீட்டை மாத்தினேன். அழுத பிள்ளைங்களுக்கு வெள்ளை வந்தா திரும்பப் போட்டுட்டு இலை வர்ற வரைக்கும் எடுத்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

சின்ன டாக்டர் சிரிக்கப் பார்த்தாள். "என்னக்கா விளையாடுறீங்களா?"

"இல்லம்மா. பதினாலு பேருக்கு."

சின்ன டாக்டர் சிவப்பு வட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் நகர்ந்தது. மேலிருந்து கீழே வருவதற்குள் அவளுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது, கெட்டிக்காரி.

"உங்களை நம்பித்தானேக்கா குடுத்தேன். மேடம் கேட்டப்ப யோசிக்காம உங்க பேரைத்தானே சொன்னேன்!" தாளை மேஜைமேல் போட்டாள். "அழுத பிள்ளைங்களுக்கெல்லாம் நல்லது பண்ணிட்டீங்க. நான் இப்ப எங்க போய் அழறது?"

"மன்னிச்சிடுன்னு கேக்கவும் எனக்கு வாயில்லம்மா."

"வெளிய போங்க."

இவள் வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றாள். கதவுக்கு உள்ளே சின்ன டாக்டர் போனில் பேசுவது கேட்டது. "பாப்பா, அம்மா அடுத்த வாரம் வரல கண்ணா... இல்லடா, அம்மாவுக்கு இன்னும் வேலை முடியல... எண்ணினதை அழிக்க வேணாம், மறுபடியும் எண்ணலாம், சரியா?" சர்ர் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பெரிய மேடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அவளைக் கருவிகள் கழுவிக் கொதிக்கவைக்கும் அறைக்கு மாற்றினார். இருபத்திரண்டு வருஷத்தில் பிள்ளைகள் முகம் பார்க்காத முதல் வேலை. மரப்பலகையும் அங்கே வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கிளம்பும்போது மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்லலைன்னா அந்தத் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதை நினைச்சா எனக்கும் தூக்கம் வரல."

புதிதாக நாற்பது சீட்டு மடித்தார்கள். இந்தத் தடவை டப்பா பதிவு கவுண்டரில், எதைக் கண்டாலும் முத்திரை குத்துவதால் 'ஸ்டாம்ப்' என்று பெயர் வாங்கின குமாஸ்தாவிடம் போனது. அவர் டப்பாவின் மூடியில் ஒரு ஓட்டை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்பின்மேலும் முத்திரை குத்திவைத்தார். சீட்டை எடுப்பது பிள்ளையே. தன் கையை விட்டுத் தானே எடுக்கும். எடுத்ததை ஸ்டாம்ப் உரக்கப் படித்து, முத்திரை குத்தி உள்ளே அனுப்புவார். யாரும் எதையும் திரும்பப் போட முடியாது. இன்னொன்றையும் சின்ன டாக்டர் சேர்த்துக்கொண்டாள்: எவ்வளவு நேரம் ஆனாலும் பிள்ளை அடங்கின பிறகுதான் மழைக்கோட்டு.

அனுமதியெல்லாம் வாங்கி முடிக்க ஏழு வாரமானது. அதுவரை சின்ன டாக்டர் எதிரே வந்தால் சர்ர் அக்கா ஒதுங்கி நிற்பாள். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். முதல் பிள்ளை வரவேண்டிய அன்று காலை, ஆவி பறக்கும் அறையின் வாசலில் சின்ன டாக்டர் வந்து நின்றாள்.

"புதுசா வந்தவங்க குழாய் பிடிச்சா கோட்டுக்கு அடியில குளம் கட்டி நிக்குது" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "மேடம்கிட்ட கேட்டுட்டேன். வாங்க."

இடுக்கியைத் தட்டில் போட்டுவிட்டு சர்ர் அக்கா ஓடினாள். மரப்பலகை எங்கே என்று தேடினால், அதன் இடத்திலேயே இருந்தது.

முதல் பிள்ளை, பார்த்தால் அவளுக்கு என்று அளவெடுத்து அனுப்பினாற்போல இருந்தது. ஐந்து வயது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறல். கவுண்டரிலிருந்து ஸ்டாம்பின் குரல் கேட்டது: "எண் ஒண்ணு! வெள்ளை!" அடுத்து 'டம்' என்று முத்திரை.

எதிரே சின்ன டாக்டர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உயர்த்தி சர்ர் அக்காவைப் பார்த்தாள். இவளும் பார்த்தாள். குனிந்து பிள்ளையின் செருப்பைக் கழற்றினாள்.

முக்கால் மணி நேரம். குழாயைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து உள்ளங்கையில் 'சர்ர்' விடச் சொன்னாள். டம்ளர் தண்ணீரைக் குடிக்கவைத்தாள், குழாயைத்தான். பிள்ளைக்கு அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். மழைக்கோட்டைக் கட்டினார்கள், ஒரு ஓரம் மடங்கியிருந்தது, சர்ர் அக்கா தலையை ஆட்டினாள், கழற்றித் திரும்பக் கட்டினார்கள். அந்த நாற்றம் அறையில் பரவியது. பிள்ளையின் உடம்பு விறைத்தது.

"என் கண்ணைப் பாரு. எத்தனை தடவை சிமிட்டுறேன்னு எண்ணு" என்றாள் சர்ர் அக்கா. தன் கண் கலங்க அவள் விடவில்லை. கலங்கினால் கை நழுவும் என்று அவளுக்குத் தெரியும். குழாயின் நுனியைப் பல்லின் கழுத்தோடு ஒட்டிவைத்தாள். சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டு இறங்கினால் அந்தச் சொட்டு, இரண்டு இறங்கினால் இரண்டு. தோள் கடுத்தது, விரல் மரத்தது, நுனி மட்டும் அசையவில்லை. பிள்ளை நாற்பத்தொன்பது வரை எண்ணியது.

காகிதக் குச்சி உலர்ந்த பல்லுக்குள் போய் வந்தது. சின்ன டாக்டர் அதைக் குப்பியில் போட்டு மூடினாள். மழைக்கோட்டைக் கழற்றினார்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தது. ஊசியில் பாதி வாய் மரத்திருந்தது. தொட்டது தெரியவில்லை என்றதும் முகம் மாறி, சர்ர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, என் நாக்கு இருக்கா?"

சின்ன டாக்டர் விளக்கைத் திருப்பிப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்தாள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்கக்கா."

ஏழு வாரத்துக்குப் பிறகு வந்த 'அக்கா' அது.

அவள் பலகையில் ஏறிக் குனிந்து பார்த்தாள். நுனி, இரண்டு ஓரம், அடிப்பக்கம். ஒரு இடத்தில்கூட வெள்ளை இல்லை.

"இருக்குடா கண்ணு" என்றாள். இப்போது கண்ணைப் பற்றி அவள் கவலைப்படவில்லை, அது பாட்டுக்குக் கொட்டியது. "முழுசா இருக்கு."